பத்தமடைப் பாயும் முன்பணமும்

தாமிரபரணிப் பாசனத்தில் பச்சையாக அறுத்த கோரை பத்தமடையில் பாயாவதற்கு முன்னால் வெயிலுக்கும் தண்ணீருக்கும் மாறி மாறிப் போய்வருகிறது. கீறிக் காயவைத்த கோரையைக் கட்டுக்கட்டாக ஓடும் தண்ணீரில் பல நாள் ஊறப்போடுகிறார்கள். ஊறி உப்பியதும் எடுத்து, மறுபடி உலர்த்தி, கூரான கத்தியால் இழை இழையாகக் கிழிக்கிறார்கள். சாதாரணப் பாய்க்குக் கிழிக்கும் இழைக்கும் பட்டுப் பாய்க்குக் கிழிக்கும் இழைக்கும் உள்ள வித்தியாசம் விரலால் தொட்டாலே தெரியும். பின்னது ஏறக்குறைய நூல்தான். அதற்குச் சாயம் ஏற்றி, தரையோடு கிடக்கும் மூங்கில் தறியில் பருத்தி அல்லது பட்டுப் பாவுக்குள் ஒவ்வொரு இழையாகக் குச்சியால் செலுத்தி, அச்சை இழுத்து அடித்து நெருக்குகிறார்கள். இந்தத் தறி நாடா ஓடாத தறி. அதனால் கைக்கு இருக்கும் வேகம்தான் தறிக்கும். பெரும்பாலும் முஸ்லிம் வீட்டுப் பெண்கள் செய்யும் வேலை இது. சமையல், பிள்ளைகள், தொழுகை என்று வீட்டு நேரத்துக்கு நடுவே கிடைக்கும் பொழுதில் பாய் விரல் விரலாக வளர்கிறது. நேர்த்தியான ஒரு பட்டுப் பாய்க்கு வாரக்கணக்கில் உழைப்பு போகிறது. துணிபோல மடிக்க வருவது அதன் பெருமை.

இத்தனை வேலைக்கும் கூலி எப்படி வருகிறது என்று கேட்டுக்கொண்டு போனால், நம் ஊர்க் கைத்தொழில்கள் பலவற்றிலும் இருக்கும் அதே ஏற்பாட்டில்தான் போய் நிற்போம். நெசவு முடியும்வரை வீடு நடக்க வேண்டும். நூல், சாயம், கோரை வாங்கக் கையில் காசு வேண்டும். அந்தக் காசை முன்னால் கொடுப்பவர் பாயின் விலையையும் சொல்கிறார். கொடுப்பவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்பதில்லை. விற்காத பாயைச் சுமக்கும் நஷ்டமும், கண்காட்சிக்கும் கடைக்கும் அலையும் செலவும் அவருடையவை. ஆனால் முன்பணம் வாங்கிய கை பேரம் பேச முடியாது. நெய்தவருக்குத் தன் பாய் சென்னையிலோ பெங்களூரிலோ என்ன விலைக்குப் போனது என்பதுகூடத் தெரிவதில்லை. இந்தியக் கைத்தறியாளர்களைப் பற்றி 2019-20 கணக்கெடுப்பு சொன்ன சேதி நினைவில் இருக்க வேண்டியது: நெசவுக் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்குக் கீழே. திறமைக் குறைவால் வந்த வறுமை அல்ல இது. நெய்யத் தொடங்கும் நாளுக்கும் பணம் வரும் நாளுக்கும் நடுவே உள்ள நீண்ட இடைவெளியை யாருடைய பணம் நிரப்புகிறதோ அவர் பக்கம் லாபம் சாய்கிறது.

இணைய வணிகம் கிராமத்துக்கு என்ன செய்யும் என்ற கேள்வியை இந்த இடைவெளியிலிருந்து தொடங்கிப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. பொதுவாகச் சொல்லப்படுவது வேறு: கைப்பேசி இருந்தால் உலகமே சந்தை, கோடிக்கணக்கான வாடிக்கையாளர்கள், ஊர்தோறும் தொழில்முனைவோர். பத்தமடைத் தறிக்குக் கோடி வாடிக்கையாளர்கள் தேவையில்லை. அத்தனை பேருக்கு நெய்யவும் முடியாது. ஒரு தறிக்கு வருடத்துக்குச் சில பேர் போதும், அவர்கள் நெய்வதற்கு முன்னால் பணம் தருகிறவர்களாக இருந்தால். அதற்கான உருவம் அந்த ஊரிலேயே இருக்கிறது. மணமக்கள் பெயரையும் திருமணத் தேதியையும் நெய்து தரும் கல்யாணப் பாய், கேட்டவருக்காக மட்டுமே நெய்யப்படுவது. கேட்பவருக்குக் காத்திருக்கத் தெரியும், தேதி அவருடையது. நெய்பவருக்கும் இது யாருக்குப் போகிறது, என்ன விலைக்குப் போகிறது என்பது முதல் இழையிலேயே தெரியும். முன்பு இப்படிக் கேட்பவர்கள் உள்ளூரிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்து வந்தார்கள். இன்று வாட்ஸ்அப்பில் ஒரு படமும் பெயர் எழுதிய ஒரு சீட்டும் வந்தால் கோயம்புத்தூர்க்காரரும் கேட்கலாம், சிங்கப்பூர்த் தமிழரும் கேட்கலாம். 2016-இல் வந்த யூபிஐ முன்பணத்தை நேராக நெசவாளரின் கணக்குக்கே கொண்டுவருகிறது. பாதி விலை முன்னால் வந்துவிட்டால் கோரையும் சாயமும் தன் காசில் வாங்கலாம். தன் காசில் வாங்கிய கோரையில் நெய்த பாய்க்கு விலை சொல்லும் உரிமை தானாக வருகிறது. இணையம் இங்கே தந்தது இந்த முன்பணம்தான், வேறு எதைவிடவும் பெரியது அது என்று நினைக்கிறேன்.

பெரிய விற்பனைத் தளங்களின் வழி இதற்கு நேர் எதிரானது. சரக்கை முதலில் செய்து வைத்திரு, கேட்ட அன்றே அனுப்பு, பண்டிகைத் தள்ளுபடியில் சேர், பிடிக்காவிட்டால் திரும்ப எடுத்துக்கொள் என்பது அவற்றின் ஒழுங்கு. ஒரு பாய் திரும்பி வந்தால் ஆலைக்கு அது கணக்கேட்டில் ஒரு வரி. தறிக்கு ஒரு மாத உழைப்பு. பாயின் உருவமும் அங்கே இடைஞ்சல். கூரியர் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, பொதுவாக 5,000-ஆல் வகுத்து வரும் எண் கூடுதலாக இருந்தால் அதற்கே கட்டணம் போடுகின்றன. மூன்றடி அகலக் கோரைப்பாயைச் சுருட்டினால் ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் நீளம், 15 சென்டிமீட்டர் பருமன். தராசில் இரண்டு கிலோவைத் தொடாத பாய் இந்தக் கணக்கில் நான்கு கிலோவாகிறது. சில நூறு ரூபாய் பாய்க்கு அந்தக் கட்டணத்தைச் சேர்த்தால் வாங்குபவர் பக்கத்துக் கடையில் பிளாஸ்டிக் பாயோ, கரூர், முசிறிப் பக்கம் விசைத்தறியில் நெய்த கோரைப்பாயோ வாங்கிக்கொள்வார்; அதில் தவறும் இல்லை. மடித்துச் சிறு பொட்டலமாக அனுப்ப முடிகிற பட்டுப் பாய்தான் தபாலுக்கு ஏற்றது. ஆகவே இணையம் பத்தமடையின் எல்லாப் பாயையும் காப்பாற்றாது. நுணுக்க வேலை தெரிந்தவருக்குத்தான் கை கொடுக்கும். முரட்டுப் பாய் நெய்பவருக்கு உள்ளூர்ச் சந்தையும் கூட்டுறவுச் சங்கமும் பூம்புகார் போன்ற அரசு விற்பனை நிலையங்களும்தான் ஆதாரம்.

இணையம் கை கொடுக்கும் என்பதையே மறுப்பவர்கள் காட்டக்கூடிய வலுவான சான்று சீனாவிலிருந்து வருகிறது. இணைய வணிகத்தால் எழுந்த கிராமங்களுக்குச் சீனாதான் உலக உதாரணம். அலிபாபா நிறுவனத்தின் தாவ்பாவ் விற்பனைத் தளத்தில் விற்கும் ‘தாவ்பாவ் கிராமங்கள்’ 2009-இல் மூன்றாக இருந்து பின்னர் பல ஆயிரங்களாகப் பெருகின. ஆனால் விக்டர் கூத்யூர், பெஞ்சமின் ஃபேபர் முதலிய பொருளியலாளர்கள் மூன்று மாகாணக் கிராமங்களில் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வு வேறு படம் தருகிறது. இணைய வணிக நிலையம் வந்த கிராமங்களில் சராசரிக் குடும்பத்தின் வருமானம் பெரிதாக உயரவில்லை. கிடைத்த பலன் ஒரு சிறு பகுதியினருக்கு மட்டும், அதுவும் மலிவாகப் பொருள் வாங்க முடிந்ததில். கூரியரே அதுவரை போகாத ஊர்களில்தான் அந்தப் பலனும் கூடுதலாகத் தெரிந்தது. இந்த முடிவை நான் அப்படியே ஏற்கிறேன். ஊருக்கு ஒரு நிலையம் திறந்தால் விற்கும் கை தானாக முளைக்காது என்பதே அதிலிருந்து நமக்குக் கிடைப்பது. வெளியூரில் கிடைக்காத ஒரு பொருள் கையில் இருக்க வேண்டும். தாவ்பாவ் கிராமங்களுக்குப் புகழ் தேடித்தந்த ஜியாங்சுவின் டோங்ஃபெங் கிராமத்தில் ஒருவர் செய்த மரச்சாமானைப் பக்கத்து வீட்டார் எல்லோரும் செய்தார்கள், விலைப்போட்டியும் வந்தது. வீட்டுக்கு வீடு நகலெடுக்கக்கூடிய பொருளுக்கு அந்தக் கதி வரும். பட்டுப் பாயின் இழையைக் கிழிக்கப் பல வருடப் பழக்கம் வேண்டும். அந்த மெதுவான கையே பத்தமடைக்கு மதில்.

இன்னொரு மறுப்பு வீட்டுக்குள்ளிருந்தே எழுகிறது, எனக்கு அதுவே கனமானது. நெய்யும் பெண்ணிடம் கைப்பேசி இருக்கிறதா? கணக்கு அவர் பெயரில் இருக்கிறதா, கணவர் பெயரிலா, மகன் பெயரிலா? படம் எடுக்கவும், வாங்குபவருக்குப் பதில் எழுதவும், பொட்டலம் கட்டவும் யாருக்கு நேரம்? அதைச் செய்யும் இளைஞர் நாளடைவில் புதிய இடைத்தரகர் ஆகிவிடமாட்டாரா? ஆகலாம். தறியில் உட்கார்ந்திருப்பவரே கடைக்காரராகவும் இருக்க வேண்டும் என்று கேட்பது அவருடைய நாளை இரண்டாக வெட்டுவது. அதற்கு நான் உடன்படவில்லை. நடுவில் ஓர் ஆள் இருக்கட்டும். மகளிர் குழுவோ கூட்டுறவுச் சங்கமோ அவருக்குச் சம்பளமோ பாய்க்கு இவ்வளவு என்ற கூலியோ கொடுத்து வைத்துக்கொள்ளலாம். வாங்குபவர் கொடுத்த விலையும் அவரது முகவரியும் நெய்தவருக்குத் தெரிய வேண்டும், முன்பணம் நெய்பவரின் சொந்தக் கணக்கில் விழ வேண்டும் என்ற இரண்டில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. இவை இருந்தால் நடுவில் நிற்பவர் கூலிக்காரர். இல்லாவிட்டால் பழைய முதலாளியின் இடத்தில் புதிய முதலாளி. மகளிர் மேம்பாடு என்று பெயர் வைத்த திட்டத்தில் பணம் வீட்டு ஆண்களின் எண்ணுக்குப் போவதைக் கவனிக்காமல் விடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

அரசின் விதிகளும் நெசவாளர் பக்கம் முழுமையாக வந்து சேரவில்லை. விற்பனைத் தளத்தில் பொருள் விற்கும் சிறியவர்கூட ஜிஎஸ்டி பதிவு பெற்றாக வேண்டும் என்றிருந்ததை 2023 அக்டோபர் 1 முதல் தளர்த்தினார்கள். ஆனால் சொந்த மாநிலத்துக்குள் விற்பவருக்கு மட்டும். பட்டுப் பாய்க்கு நல்ல விலை தரக்கூடியவர் பெங்களூரிலோ மும்பையிலோ இருந்தால் சலுகை மாநில எல்லையோடு நின்றுவிடுகிறது. புவிசார் குறியீட்டிலும் ஓர் ஓட்டை உண்டு. பத்தமடைப் பாய்க்கு அது கிடைத்திருக்கிறது. ஆனால் அந்தப் பெயரைச் சட்டப்படி தன் பாயில் போட, நெசவாளர் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு செய்த பெண்களின் பட்டியல் வளராதவரை, விசைத்தறிப் பாய்க்குப் பத்தமடைப் பெயர் சூட்டி யாரோ இணையத்தில் விற்பதைத் தட்டிக்கேட்க நெய்யும் பெண்கள் தாமே முன்வர முடியாது. படத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும் என்பதால் கடையைவிட இணையத்தில் இந்த ஏமாற்று எளிது.

ஆர்டர் பெருகினால் கை வேலை தாங்குமா என்று கேட்பவர்களுக்கு, பெருக வேண்டாம் என்பதே பதில். நல்ல கோரை தாமிரபரணித் தண்ணீரையும் அறுப்புப் பருவத்தையும் நம்பியது. இழை கிழிக்கும் கைகளும் எண்ணிக்கையில் குறைவு. அதே எண்ணிக்கைப் பாய்க்கு வீட்டுக்கு வரும் பணம் கூடினால் போதும். மகளைத் தறியில் உட்காரவைக்கத் தாய் தயங்குவது இந்த வேலை கடினம் என்பதால் மட்டும் இல்லை, கூலி கட்டுப்படியாகவில்லை என்பதால். ஒரு பட்டுப் பாய்க்கு எத்தனை நாள் பிடித்தது என்பதையும் நாளொன்றுக்கு எவ்வளவு கூலி விழுந்தது என்பதையும் விலைச்சீட்டில் சேர்த்தே அச்சிட்டு அனுப்பலாம். வாங்குபவர் பேரம் பேச விரும்பினால் அந்த எண்ணைப் பார்த்துப் பேசட்டும்.