ஆண்டாள் ஊருக்குப் பக்கத்தில் இன்னொரு திருவண்ணாமலை... மலை தரும் தண்ணீரும் மண் தரும் சிமென்ட்டும்!

'திருவண்ணாமலைக்குப் போறோம்' என்று யாராவது சொன்னால், கார்த்திகை தீபமும் கிரிவலமும்தான் நினைவுக்கு வரும். ஆனால், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் சொன்னால் அர்த்தமே வேறு. ஆண்டாள் அவதரித்த ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் இன்னொரு திருவண்ணாமலை இருக்கிறது. சிறிய பாறைக் குன்று; மேலே குடியிருப்பவர் சீனிவாசப் பெருமாள். 'தென் திருப்பதி' என்று இந்தப் பக்கத்து மக்கள் கொண்டாடும் தலம் இது. திருப்பதிக்குப் போக முடியாதவர்கள் நேர்த்திக்கடனை இங்கேயே செலுத்திவிடுவார்கள். புரட்டாசி சனிக்கிழமை என்றால் படியெல்லாம் ஜனம்தான்.

தரிசனம் முடிந்ததும் உடனே இறங்கிவிடாமல், இரண்டு பக்கமும் ஒருமுறை பார்க்கலாம். மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை. கிழக்கே கண்மாய்களும் வயல்களும், அதைத் தாண்டிக் கரிசல் காடும். மேற்கே இருக்கும் மலையிலிருந்து இந்த ஊர்கள் எடுப்பது தண்ணீரை. கிழக்கே இருக்கும் மண்ணிலிருந்து எடுப்பது கல்லை. இரண்டிலும்தான் இந்தப் பகுதியின் வாழ்க்கை ஓடுகிறது.

மலை தரும் தண்ணீர்

ராஜபாளையத்துக்காரர்களுக்கு அய்யனார் கோயில் அருவி வெறும் குளியல் இடம் இல்லை. அந்த மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் சேர்ந்து, நகரத்துக்குக் குடிநீராக வருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பு. அங்கிருந்து வரும் ஓடைகளை நம்பித்தான் அடிவாரத்துக் கண்மாய்கள் இருக்கின்றன.

இந்த மலைக்குச் சட்டத்தின் காவலும் உண்டு. 1988-ல் சாம்பல் நிற அணில்களுக்காக இங்கே சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் மேகமலையையும் சேர்த்து, ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. தமிழகத்தின் ஐந்தாவது புலிகள் காப்பகம் இது. தேசியப் பூங்கா, சரணாலயங்களின் உள்ளேயும், எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கும் சுரங்கம் கூடாது என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்திருக்கிறது.

மண் தரும் சிமென்ட்

கிழக்கே கதை வேறு. விருதுநகர் மாவட்டத்து மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. அரியலூரில் கிடைப்பது கடலடியில் படிந்த, கிளிஞ்சல் படிவங்கள் நிறைந்த கல். இங்கே கிடைப்பது பூமிக்குள் வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுகிய படிகச் சுண்ணாம்புக்கல். ஒரு காலத்தில் காளவாயில் சுட்டு, வீட்டுச் சுவருக்கும் வெற்றிலைக்கும் சுண்ணாம்பு ஆக்கினார்கள். பிறகு வந்தது சிமென்ட்.

ராஜபாளையத்துக்காரரான பி.ஏ.சி.ராமசாமி ராஜா தொடங்கிய நிறுவனத்தின் சிமென்ட் ஆலை, 1960-களின் தொடக்கத்தில் விருதுநகர் - சாத்தூர் சாலை அருகே உற்பத்தியை ஆரம்பித்தது. அந்த இடத்துக்கே ஆர்.ஆர்.நகர் என்று பெயராகிவிட்டது. ராஜபாளையத்துக்குக் கிழக்கே ஆலங்குளத்தில் 1970-ல் அரசு சிமென்ட் ஆலை வந்தது. வானம் பார்த்த பூமியில் மாதச் சம்பளம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று கரிசல்காட்டுக் குடும்பங்களைக் கேட்டால் தெரியும். பல வீடுகளில் பிள்ளைகள் படித்ததும், பெண்களுக்குக் கல்யாணம் ஆனதும் அந்தச் சம்பளத்தில்தான்.

ஆனால், கல்லுக்கும் ஒரு கணக்கு உண்டு. 50 கிலோ சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட் மூட்டைக்குச் சுமார் 70 கிலோ சுண்ணாம்புக்கல் தேவை. ஆயிரம் சதுர அடி வீட்டுக்குத் தோராயமாக 400 மூட்டை என்றால், 28 டன் கல். அந்தக் கல்லைச் சூளையில் சுடும்போது, சுண்ணாம்பில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு பிரிந்து காற்றில் கலக்கிறது. 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லிலிருந்து 44 கிலோ! எரிபொருள் புகை இதில் சேராது.

பள்ளம் ஆழமானால்...

கல் எடுக்கும் குழி நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போனால், ஊற்று சுரக்கும். வேலை நடக்க வேண்டும் என்றால் அந்தத் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்போது சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டமும் இறங்கலாம். வெடி வைக்கும்போது அதிர்வு, டிப்பர் ஓடும் பாதையில் புழுதி, பயிரின் இலையில் வெள்ளைப் படிவு... இவை சுரங்கம் உள்ள எந்த ஊருக்கும் பொதுவானவை. கருங்கல் குவாரியிலும் கிரஷரிலும் பறக்கும் சிலிக்கா தூசு இன்னும் மோசம். வருடக்கணக்கில் சுவாசித்தால் 'சிலிகோசிஸ்' வரும். ஒருமுறை பழுதான நுரையீரலைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மருந்து இல்லை.

ஆபத்து மெதுவாக மட்டும்தான் வரும் என்றும் இல்லை. 2024 மே 1, உழைப்பாளர் தினம். இதே மாவட்டத்தில், காரியாபட்டி அருகே ஒரு கல்குவாரியின் வெடிமருந்து வெடித்ததில் மூன்று தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.

ஆற்று மணலுக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு, வீடு கட்டுபவர்கள் எம்.சாண்டுக்கு மாறினார்கள். ஆறு கொஞ்சம் தப்பித்தது; பாரம் கருங்கல் குன்றுகள் மேல் விழுந்தது.

மலைக்காகப் பேசிய ஊர்கள்

தீபம் ஏற்றும் அந்தத் திருவண்ணாமலைக்கும் இப்படி ஒரு சோதனை வந்தது. அதன் பக்கத்தில் உள்ள கவுத்தி மலை, வேடியப்பன் மலையில் இரும்புத் தாது வெட்டத் திட்டம் போட்டார்கள். சுற்றுவட்டார விவசாயிகள் விடாமல் எதிர்த்தார்கள். சுரங்கம் வரவில்லை.

மதுரை அரிட்டாபட்டி கதை எல்லோருக்கும் தெரியும். 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்த செய்தி வந்ததும் கிராமங்கள் கொதித்தன. கிராம சபைத் தீர்மானம், டிசம்பரில் சட்டமன்றத் தீர்மானம், மக்கள் பேரணி எனத் தொடர்ந்து, 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அரிட்டாபட்டி, 2022-லேயே பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம்.

எல்லா மலையும் அரிட்டாபட்டி ஆகாது. கல்லும் சிமென்ட்டும் இல்லாமல் வீடும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. தோண்டத்தான் வேண்டும் என்றால், தோண்டிய பிறகு என்ன என்பதை முதல் நாளே கேட்க வேண்டும். அதற்கு வழி இருக்கிறது. பெரிய சுரங்கங்களுக்கு, வேலை முடிந்தபின் குழியை என்ன செய்வது என்ற மூடல் திட்டம் கட்டாயம். 2015 சட்டத் திருத்தத்தின்படி, சுரங்கம் நடத்துபவர்கள் ராயல்டியோடு சேர்த்து மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கும் பணம் கட்ட வேண்டும். பாதிக்கப்பட்ட ஊர்களின் குடிநீர், மருத்துவம், கல்வி, சுற்றுச்சூழலுக்கான பணம் அது. 'எங்கள் ஊருக்கு எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது?' என்று கிராம சபையில் எழுந்து கேட்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடத்துக்கு ஆறு வாய்ப்பு!

எப்படிப் போகலாம்?

விருதுநகர் - தென்காசி ரயில் பாதையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கலாம். மதுரையிலிருந்து பஸ்ஸும் நிறைய உண்டு. வெயிலுக்கு முன் குன்று ஏறிவிட்டு, ஆண்டாள் கோயிலின் 11 நிலை ராஜகோபுரத்தைப் பார்த்து, புவிசார் குறியீடு பெற்ற பால்கோவா வாங்கிக்கொள்ளலாம். அய்யனார் கோயில் அருவிக்குப் போவதானால், வனத்துறை அனுமதிக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். அங்கே பிளாஸ்டிக் பையையோ, ஷாம்பு பாக்கெட்டையோ விட்டுவிட்டு வராதீர்கள். அந்தத் தண்ணீரைத்தான் கீழே ஒரு நகரமே குடிக்கிறது.