களாப்பழம் கற்பித்த பாடம்

போடிநாயக்கனூர் என்றதும் ஏலக்காயின் நறுமணமே தங்கள் நினைவுக்கு வரும். ஆனால் ஏலத்தோட்டங்கள் இருப்பது 4,000 அடிக்கு மேற்பட்ட போடிமெட்டுப் பகுதியில். கொச்சி – தொண்டி தேசிய நெடுஞ்சாலை முந்தலைத் தாண்டி மலையேறத் தொடங்குமிடமோ வறண்ட பாறைச் சரிவு. அங்கு முட்புதர்களுக்கிடையே வளர்கிறது சிறுகளா.

என் சிறுவயதில், தோட்ட வேலைக்குச் சென்று திரும்பும் பெண்கள் களாப்பழங்களை முந்தானையில் முடிந்து வருவார்கள். புளிப்பும் இனிப்பும் கலந்த அப்பழங்களுக்காகவே நாங்கள் தெருமுனையில் காத்திருப்போம்.

அண்மையில் என் மாணவர் சிலருடன் அச்சரிவுக்குச் சென்றேன். அவர்களில் ஒருவருக்கும் களா தெரியவில்லை. நான் செடியைக் காட்டினேனே தவிர, பக்குவத்தைச் சொல்லவில்லை. ஒரு சிறுவன் பச்சைக் காயைப் பறித்து வாயருகே கொண்டுபோய்விட்டான்.

"அய்யா, அதத் திங்காத! பால் வடியுது பாரு. கறுத்ததப் பறி!" என்று குரல் கொடுத்தார், ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர்.

நான் வெட்கித் தலைகுனிந்தேன். களா, நச்சுச் செடியான அரளியின் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டிலும் பால் உண்டு. நன்கு கறுத்துக் கனிந்த களாவையே பறித்தவுடன் உண்ணலாம். நூலில் படித்திருந்த நான் மறந்ததை, பள்ளி செல்லாத அவர் மறக்கவில்லை.

வியப்பு என்னவெனில், இதே செடி அரேபியாவின் தென்பகுதியிலும் ஆப்பிரிக்கப் புல்வெளிகளிலும் தானே முளைக்கிறது. எத்தியோப்பியாவில் இதனை 'அகாம்' என்பர். கென்யாவின் கிக்குயு மக்கள் 'முகாவா' என்பர். ஆப்பிரிக்கக் களாவை வேறினமாக முன்னர்க் கருதிய தாவரவியலாருள் பலர், இன்று இரண்டையும் 'காரிஸா ஸ்பைனாரம்' என்னும் ஒரே இனமாகக் கொள்கின்றனர். விதைக்காமலே இறைவன் விளைவிக்கும் இவ்வுணவுக்குக் கடலும் எல்லையன்று!

ஆயினும் நான் சிறுவயதில் பழம் பறித்த புதர்கள் சிலவற்றின் இடத்தில் இன்று உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிறது. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட செடி அது. செடி மறைந்தால் மீண்டும் நடலாம். அதை அறிந்த மூதாட்டி மறைந்தால் யாரிடம் கேட்பது?

எனவே அன்பர்களே! அறியாத காட்டுக்கனியை வாயில் இடாதீர்கள். அனுமதியின்றிக் காப்புக்காட்டில் நுழையாதீர்கள். அறிந்ததைப் பறிக்கும்போதும் பறவைகளுக்குரிய பங்கை விட்டுவையுங்கள். இன்றே தங்கள் வீட்டுப் பெரியவர்களின் அருகில் பிள்ளைகளை அமர்த்தி, அவர்கள் உண்ட கனிகளைப் பற்றிக் கேட்கச் செய்யுங்கள்.