பழைய கடனும் புதிய துண்டும்

நம் வகுப்பில் முதல் வரிசையில் அமரும் மாணவி ஒருத்தி ஒரு வாரமாகப் பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சல் என்றே எண்ணியிருந்தோம். ஒரு மாலை, மொனராகலைக்கு அப்பால் இறப்பர்த் தோட்டத்து லயத்தில் அவளைக் காணச் சென்றோம். தாய் பால் வெட்டப் போனபின் மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் அமரும் மனிதருக்குப் பதில் சொல்ல வீட்டில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள், பதினைந்து வயதுச் சிறுமி. இதுதான் அவளுடைய காய்ச்சல்!

நுவரெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் வாழ்ந்த நாளில், கணவரின் நோய்க்காக அத்தாய் ஒரு நிதி நிறுவனத்திடம் நாற்பதாயிரம் ரூபாய் கடன் பெற்றார். வாரந்தோறும் கட்டினார். கணவர் இறந்தார், தவணை நின்றது. பிழைப்புத் தேடி மத்திய மாகாணத்தை விட்டு ஊவாவுக்கு வந்தார். ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. கடனும் மாகாண எல்லை கடந்து, ஒன்றேகால் இலட்சமாக வளர்ந்து, அவரைத் தேடி வந்து சேர்ந்தது.

மலையகத்துக்கு இது புதிய கதையன்று. தமிழகத்துக் கிராமத்திலேயே கங்காணியிடம் முன்பணம் பெற்றுக் கடல் கடந்தவர்கள் நம் முன்னோர். வழிச்செலவும் அரிசியும் அவர்கள் கணக்கிலேயே ஏறின. வேறு தோட்டம் செல்ல வேண்டுமாயின் 'துண்டு' வேண்டும். இன்ன தொகை கிடைத்தால் ஆளை விடுவிப்போம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. புதிய தோட்டம் பணத்தைக் கட்டி ஆளைப் பெற்றது. கடன் தீரவில்லை, கடன்காரன்தான் மாறினான். அறிவிக்காமல் வேலையை விட்டு நீங்கினால் 1865ஆம் ஆண்டுச் சட்டம் சிறை காட்டியது. 1921இல்தான் துண்டுமுறை சட்டத்தால் ஒழிந்தது.

சீட்டு ஒழிந்தது, அச்சம் ஒழிந்ததா?

வழக்கிடும் காலத்தை வரையறுக்கும் 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இன்றும் இந்நாட்டில் உண்டு. எழுத்திலான சாதாரணக் கடனுக்கு, தவணை தவறியதிலிருந்து ஆறு ஆண்டுகள். எழுத்தில் இல்லாததற்கு மூன்று ஆண்டுகள். ஈட்டுக் கடனுக்குப் பத்து ஆண்டுகள். அதற்குப்பின் வழக்கிட்டால் காலம் கடந்தது என்று எதிர்த்து நிற்கலாம். ஆனால் அதை எடுத்துரைக்க வேண்டியவர் கடன்பட்டவரே. வாய் திறவாதவருக்காக நீதிமன்றம் தானே அதைச் சொல்லாது. மேலும், கடனை ஒப்புக்கொண்டு இடும் ஒரு கையொப்பமோ, செலுத்தும் ஒரு சிறு தொகையோ காலங்கடந்த கடனுக்கு மீண்டும் உயிரூட்டிவிடக்கூடும்.

மறுநாள் வந்தவர் கேட்டதும் அதையேதான். "இன்றைக்கு ஐந்நூறு ரூபாய் போதும். இந்தத் தாளில் ஒரு கையொப்பம்." தாள் சிங்களத்தில் இருந்தது, தாய்க்கு அம்மொழி படிக்கத் தெரியாது. மூல ஒப்பந்தத்தின் பிரதியையும் கட்டிய தவணைகளின் கணக்கையும் எழுத்தில் தருமாறு கேட்டோம். அலுவலகத்தில் இருப்பதாகச் சொல்லிச் சென்றார். இன்றுவரை அவை வரவில்லை.

அவர் சென்றதும் தாய் நம்மிடம் கேட்டார்: "வாங்குனது வாங்குனதுதானேங்க சேர்? குடுக்காம இருந்தா பாவமில்லீங்களா?"

இக்கேள்வி நம்மைச் சுட்டது. அவருடைய தகரப் பெட்டியிலிருந்த பழைய தவணைப் புத்தகத்தை எடுத்துக் கூட்டிப் பார்த்தோம். நாற்பதாயிரம் வாங்கியவர் நாற்பத்து மூவாயிரம் கட்டியிருந்தார்! அவருடைய நாணயத்தில் குறை எங்கே? ஏழையின் நேர்மையையே ஈடாகப் பிடித்து வட்டி கறப்பவர்கள், பாவத்தைப் பற்றி அவருக்குப் பாடம் சொல்ல உரிமையற்றவர்கள்.

தனியொருத்தி அஞ்சுவாள், பலர் கூடினால் அச்சம் இடம் மாறும். 2021 மார்ச்சில் பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில் நுண்கடனால் நலிந்த பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்து, தம் வீட்டுத் துயரை நாட்டின் கேள்வியாக்கினர். அவர்கள் சிங்களப் பெண்கள். நம் மாணவியின் தாயோ தமிழ்ப் பெண். வாசலில் வந்து நிற்கும் மோட்டார் சைக்கிள் மட்டும் ஒன்றே.

ஆசிரிய நண்பர்களே, கூட்டுவட்டிக் கணக்கைக் கரும்பலகையில் போட்டு விடை வந்ததும் அழித்துவிடுகிறோம். இனி அதன் கீழே மூன்று வரிகள் சேர்ப்போம்: படிக்காத தாளில் கையொப்பம் இடாதே, கணக்கை எழுத்தில் கேள், கடன் எந்த ஆண்டினது என்று பார்.

மாணவி பள்ளிக்குத் திரும்பிவிட்டாள். சென்ற வாரம் அந்த மூன்று வரிகளையும் லயத்துச் சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிறாள்.