எக்ஸ்ரே ஃபிலிமும் எட்டு அங்குலக் கோனும்

பெங்களூரின் நட்சத்திர ஓட்டல் ஒன்றில் உயர்தர ஒலிக்கருவிக் கண்காட்சி. ஒரு தளம் முழுக்க அறைகளிலிருந்த கட்டில்களை அகற்றியிருந்தார்கள். அந்த இடத்தில் பத்துப் பதினைந்து நாற்காலிகள், தரையில் கனத்த கம்பளம், சுவரோரம் எதிரொலியை விழுங்கும் பஞ்சுப் பலகைகள், எதிரே ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள். உலகம் முழுக்க இந்தக் கண்காட்சிகள் ஓட்டல் அறைகளில்தான் வளர்ந்தன. ஜெர்மனியில் 1982-இல் தொடங்கிய ‘ஹை எண்ட்’ கண்காட்சிகூட 2004-இல் மியூனிக்கின் பெரிய அரங்குகளுக்குப் போவதற்கு முன் ஓட்டலில்தான் நடந்துவந்தது. வீட்டுக் கூடத்தில் கேட்க வேண்டிய கருவியைக் கூடம் அளவுள்ள அறையில் கேட்டுப் பார்ப்பதே முறை.

அறைக்கு அறை அதே கூட்டம், அதே அமைதி. ஈகிள்ஸ் குழுவின் 1994 மேடைப் பதிவான ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’ மூன்று அறைகளிலாவது ஓடியது. ஒலிக்கருவி விற்பவர்களுக்கு அது கிட்டத்தட்ட கட்டாயப் பாட்டு. நான்காவது அறையில் தலை நரைத்த ஒருவர் உறையோடு ஓர் இசைத்தட்டை நீட்டினார். இளையராஜா 1986-இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’. விற்பனைக்கு நின்ற இளைஞர் அதை இரு கையாலும் வாங்கி, தூசு துடைத்து, ஊசியை இறக்கினார். வி.எஸ். நரசிம்மனின் வயலினில் வில் திசை மாறும் அந்தச் சின்ன உரசல்கூடத் தனியாகக் கேட்டது. எண்பதுகளின் பதிவில் இவ்வளவும் இருந்திருக்கிறது. நம் வீட்டு டேப்ரெக்கார்டர்களுக்குத்தான் அதை எடுத்துச் சொல்லத் தெம்பில்லை. இந்தக் கருவிகளைப் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு அந்தப் பத்து நிமிடம் போதும். விலைச் சீட்டில் ஏழு இலக்கம் இருந்தது என்பதும் உண்மை. ஸ்பீக்கரையும் ஆம்ப்ளிஃபயரையும் இணைக்கும் ஒரு ஜோடிக் கம்பியே லட்சத்தைத் தாண்டியது.

அந்த அறையில் இருந்தது வால்வு ஆம்ப்ளிஃபயர். கண்ணாடிக் குழல்கள் ஆரஞ்சு நிறத்தில் கனன்றுகொண்டிருந்தன. இன்று உலகில் விற்கும் வால்வுகளில் பெரும்பங்கு ரஷ்யாவின் சரதோவ் நகரிலிருந்தும் ஸ்லோவாக்கியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வருகிறது. ஆனால் பெங்களூர் ஜாலஹள்ளியில் 1954-இல் தொடங்கிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961 முதல் வால்வு செய்தது. நம் வீட்டு ரேடியோக்களில் கனன்றவை அவைதாம். ‘பெல்’ முத்திரை போட்ட ஈ.எல்.84 வால்வுகளை வெளிநாட்டு ரசிகர்கள் இன்றும் பழைய இருப்பிலிருந்து தேடி வாங்குகிறார்கள். கண்காட்சிக்கு வந்த பலருக்கு அது தெரிந்திருக்கவில்லை. இதே ஊரில் செய்த பொருள், இதே ஊரில் கண்காட்சி. இரண்டுக்கும் நடுவில் ஒரு நூல்கூட இல்லை.

என்னை அங்கே அழைத்துப் போன நண்பருக்குப் பகலில் மென்பொருள், இரவில் இசைத்தட்டு. வெளியே வந்து காபி குடிக்கும்போது அவர்தான் சொன்னார்: “இந்தக் கம்பெனியோட பழைய ஜோடி ஒண்ணு என்கிட்ட இருக்கு. ஃபோம் உதிர்ந்துபோச்சு. எஸ்.பி. ரோட்டுல ஒருத்தர் போட்டுக் கொடுத்தார். அவரைப் பார்க்காம ஆடியோவைப் பத்தி எழுதாதே.”

சென்னைக்கு ரிச்சி தெரு எப்படியோ, பெங்களூருக்கு எஸ்.பி. ரோடு அப்படி. சதர் பத்ரப்பா ரோடு என்ற முழுப்பெயரை யாரும் சொல்வதில்லை. ரெசிஸ்டரிலிருந்து லேப்டாப் திரை வரை கிடைக்கும் அந்தத் தெருவிலிருந்து பிரிகிற சந்தொன்றில், மாடிப்படிக்குக் கீழே நண்பர் சொன்னவரின் பட்டறை. நின்றால் தலை இடிக்கும். சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் இரும்புக் கூடுகள், கோன் இல்லாத ஸ்பீக்கர்கள். வயது அறுபதைத் தாண்டியவர். கடைக்காரர்களோடு கன்னடமும் உருதும், எங்களோடு கோலார் தங்கவயல் தமிழும் பேசினார்.

“எட்டு அங்குலம்தான் சார் கஷ்டம். பதினஞ்சு அங்குலத்துல கொஞ்சம் தப்பு இருந்தாலும் ஊருக்குக் கேக்காது. வீட்டு ஸ்பீக்கர்ல கேட்டுரும்.”

மேசையில் எட்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்று மல்லாந்து கிடந்தது. அமெரிக்கத் தயாரிப்பு. கோனைச் சுற்றி ஓரத்தில் இருக்க வேண்டிய ஃபோம் வளையம் விரல் பட்டதும் மாவாக உதிர்ந்தது. பாலியூரித்தேன் ஃபோமைக் காற்றின் ஈரம் மெல்ல மெல்லச் சிதைத்துவிடும். பத்துப் பதினைந்து ஆண்டுகளே அதன் ஆயுள். கோனும் காயிலும் காந்தமும் நன்றாக இருந்தாலும், அந்த ஓரம் போனால் ஸ்பீக்கர் போனது போனதுதான்.

பழைய பசையைத் தின்னரில் ஊறவைத்து அவர் சுரண்டி எடுக்கவே அரை மணி நேரம் ஆனது. நடுவிலுள்ள குமிழ் மூடியைப் பிளேடால் வட்டமாக அறுத்துத் திறந்தார். உள்ளே தெரிந்தது ஸ்பீக்கரின் உயிர்நிலை: காந்தத்தின் வளைய இடைவெளி, அதற்குள் செம்புக் கம்பி சுற்றிய காயில். இந்த அமைப்பை 1925-இல் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாகும் வெளியிட்டார்கள். நூறாண்டு கடந்தும் அடிப்படை மாறவில்லை. ஓட்டல் அறையில் ஏழு இலக்க விலையோடு நின்றதற்குள்ளும், இந்தச் சந்தில் மல்லாந்து கிடந்ததற்குள்ளும் இருப்பது அதே காந்தம், அதே காயில், அதே கோன். காயிலுக்கு இரு பக்கமும் உள்ள இடம் கால் மில்லிமீட்டர் அளவுதான். ஒரு முடி அளவு சாய்ந்தாலும் காயில் இரும்பில் உரசிக் கரகரக்கும்.

அதை நடுவில் நிறுத்த அவர் எடுத்தது ஓர் எக்ஸ்ரே ஃபிலிம். விரல் அகலத்துக்கு வெட்டி வைத்த நீலம் பாய்ந்த துண்டுகளைக் காயிலுக்கும் காந்தத்தின் நடு இரும்புக்கும் இடையே நான்கு பக்கமும் செருகினார். ஃபிலிமின் தடிமன் ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர். இந்த வேலைக்கு அளந்து செய்ததுபோல் பொருந்தியது. வழவழப்பானது, மடங்காது, பசை ஒட்டாது. கம்பெனிகள் இதற்கென்றே பிளாஸ்டிக் தகடுகள் விற்கின்றன. அவற்றையும் ஒரு டப்பாவில் வைத்திருக்கிறார். தொடுவதில்லை.

எக்ஸ்ரே ஃபிலிம் உத்தியை எங்கே கற்றார் என்று கேட்டதும் பேச்சு ஸ்பீக்கரை விட்டு விலகியது. அவருடைய அப்பா கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத் தொழிலாளி. தரைக்குக் கீழே 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் அது. பாறைத் தூசு நுரையீரலை அடைக்கும் சிலிகோசிஸ் நோய் அந்தத் தொழிலாளர்களிடம் இருப்பதை 1940-களிலேயே ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். “எங்க லைன்ல எந்த வீட்டுலயும் பரண்ல நெஞ்சுப் படம் இருக்கும் சார். ஆளு போனப்புறம் அத வெச்சு என்ன பண்றது? மைக் செட் கடையில வேலைக்குச் சேர்ந்தப்ப, மொதலாளி அதத்தான் கொண்டாரச் சொன்னார்.” சர்ச் திருவிழாவுக்கும் அம்மன் கோயில் கூழ் வார்ப்புக்கும் ஓடிய குழாய் ஸ்பீக்கர்களிலும் பெட்டி ஸ்பீக்கர்களிலும் அவர் கை பழகியது அந்த நெஞ்சுப் படங்களை வைத்துத்தான். 28 பிப்ரவரி 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. அதற்கு முன்பே அவர் பெங்களூருக்கு வந்துபோகத் தொடங்கிவிட்டார். குடும்பம் இன்னும் தங்கவயலில். அங்குள்ள மாரிக்குப்பத்தில் விடிவதற்குள் ரயில் ஏறும் ஆயிரக்கணக்கானோரில் அவரும் ஒருவர்.

இப்போது ஆஸ்பத்திரிகளில் படத்தைக் கம்ப்யூட்டரிலேயே காட்டிவிடுகிறார்கள். பழைய ஃபிலிம் கிடைப்பது குறைந்துவிட்டது. மேசை இழுப்பறையில் உள்ளதை அவர் எண்ணி எண்ணிச் செலவழிக்கிறார்.

புது ஃபோம் வளையத்தை ரப்பர் பசையால் ஒட்டி, விரல் நுனியால் ஓரம் முழுக்க அழுத்திக்கொண்டே வந்தார். பசை காய்ந்தபின் துண்டுகளை ஒவ்வொன்றாக உருவினார். இரண்டு கட்டைவிரலாலும் கோனை மெல்ல அமுக்கி, காதைக் கிட்டே கொண்டுபோனார். சத்தமில்லை. ஒன்றரை வோல்ட் பேட்டரியை முனைகளில் தொட்டார். கோன் வெளியே தள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்ட முனை பிளஸ். தள்ளியது.

எல்லா ஸ்பீக்கரையும் பழையபடி ஆக்கித் தருவேன் என்று அவர் சொல்வதில்லை. ஃபோம் மாற்றினால் ஒலி திரும்பி வரும், ஏனென்றால் கோன் அதே கோன். காயில் கருகி, கோனும் மாற்ற வேண்டிவந்தால் கதை வேறு. சந்தையில் கிடைக்கும் கோனின் எடை மாறும், எடை மாறினால் பாஸ் மாறும். அதைக் கொண்டுவருபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறார். நேர்மையான வைத்தியருக்கு இதைவிட என்ன இலக்கணம் வேண்டும்?

ஆனால் கொண்டுவருபவர் பெரும்பாலும் ஸ்பீக்கரின் சொந்தக்காரர் அல்ல. இங்கேதான் கோபம் வருகிறது. பங்களாவில் உள்ள ஸ்பீக்கர் கெட்டால் வீட்டுக்காரர் கூப்பிடுவது, அதை மாட்டிக் கொடுத்த ஒப்பந்தக்காரரை. அவர் ஸ்பீக்கரை எடுத்துப் போய், “வெளிநாட்டிலிருந்து பாகம் வர வேண்டும்” என்று சொல்லிவிட்டு இந்தச் சந்துக்கு வருகிறார். பெரியவருக்குக் கிடைக்கும் கூலி, கண்காட்சியில் பார்த்த கம்பியின் விலையில் நூறில் ஒரு பங்கு வந்தால் பெரிது. பில்லில் எழுதப்படுவது அதைப் போலப் பல மடங்கு. வேலை செய்தவரின் பெயர் அந்த பில்லில் இருக்காது. நண்பர் ஒரு முறை தற்செயலாக இரண்டு தொகைகளையும் அறிந்துகொண்டதால்தான் நேராக இவரிடம் வரத் தொடங்கினார்.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. விவசாயக் கருவிகள், கைப்பேசி, வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் என நான்கு துறைகள். கையேடும் உதிரிபாகமும் வாங்கியவருக்குக் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். மாடிப்படிக்குக் கீழே வேலை செய்பவரை அது வந்தடைய வேண்டுமானால், கம்பெனிகள் அசல் கோனையும் காயிலையும் முத்திரை பெற்ற முகவருக்கு மட்டுமன்றி இவருக்கும் விற்க வேண்டும். விற்பதில் நஷ்டம் என்ன? புது ஸ்பீக்கர் விற்காது என்ற பயம்தான். திறமைக்கு இங்கே குறைவில்லை. கொச்சியில் கட்டடக்கலைஞர் ஜேக்கப் ஜார்ஜ் உருவாக்கிய ‘ரெதம்’ ஸ்பீக்கர்கள் அமெரிக்கக் கண்காட்சிகளில் ஒலித்திருக்கின்றன. கொல்கத்தாவின் சோனோடைன் 1970 முதல் செய்துவருகிறது. இந்தியக் கை செய்யாது என்று யாரும் சொல்ல முடியாது. செய்த கைக்குச் சேர வேண்டியது சேர்கிறதா என்பதே கேள்வி.

அவரிடம் இப்போது உதவிக்கு ஆள் இல்லை. சொந்த ஊர்ப் பையன் ஒருவன் ஃபோம் ஒட்டும் வரை கற்றுக்கொண்டு, மொபைல் சர்வீஸுக்குப் போய்விட்டான். காயில் கட்டக் கற்க இரண்டு வருஷம் ஆகும், அவ்வளவு நாள் யார் உட்காருவார்கள் என்றார். குறையாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொன்னார்.

நாங்கள் கிளம்பும்போது சவுண்ட் சர்வீஸ்காரர் ஒருவர் ஆட்டோவில் நான்கு பதினைந்து அங்குல ஸ்பீக்கர்களோடு வந்து இறங்கினார். கணபதி ஆர்கெஸ்ட்ரா சீசன். நான்கிலும் காயில் கருகிய வாடை. பெரியவர் முகர்ந்து பார்த்துவிட்டு, மல்ட்டிமீட்டர்கூட எடுக்காமல் கன்னடத்தில் அதட்டினார். ஆம்ப் எத்தனை வாட்ஸ் என்று கேட்டார். வந்தவர் சொன்ன எண்ணைக் கேட்டதும் எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: “ஸ்பீக்கர விடச் சின்ன ஆம்ப் போட்டு, முழு வால்யூம் திருப்பறான் சார். ஆம்ப் திணறி அலைய வெட்டும். வெட்டுன அலைதான் காயில வறுக்கும். பெரிய ஆம்ப்பா போட்டுப் பாதி வால்யூம்ல ஓட்டுடான்னா கேக்கமாட்டேங்கறான்.” பிறகு முதல் ஸ்பீக்கரை மடியில் வைத்துப் பிளேடை எடுத்தார். சவுண்ட் சர்வீஸ்காரர் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்றார். இரண்டுதான் முடியும், மற்ற இரண்டும் திங்கட்கிழமை என்று பதில் வந்தது.