சூலூர்: திரும்பி வராத விமானங்களின் ஊர்

கோவையிலிருந்து திருச்சி ரோட்டில் கிழக்கே சுமார் 20 கிலோமீட்டர் வந்தால் சூலூர். தாலுகா தலைமையிடம். நொய்யல் தண்ணீரை நம்பிய பெரிய குளம், சின்னக் குளம்; பகலும் இரவும் ஓயாத விசைத்தறிச் சத்தம்; ஊரை ஒட்டிக் காங்கயம்பாளையத்தில் விமானப்படைத் தளம். வெளியூர்க்காரர்களுக்கு இந்தத் தளம் ஒன்றுதான் சூலூர். எங்கள் பெரியவர்கள் வாயில் அது இன்றைக்கும் ‘ஏரோட்ராம்’.

இரண்டாம் உலகப்போருக்காக வெள்ளைக்காரன் போட்ட ஓடுதளம் அது. கடலே இல்லாத கொங்குச் சீமையில் பிரிட்டிஷ் கடற்படை தன் விமானங்களைக் கொண்டுவந்து பழுது பார்த்தது. 1942 ஆகஸ்ட் 26 இரவு, ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தின் சூட்டில் சுற்றுவட்டாரத்து இளைஞர்கள் அந்தத் தளத்துக்குத் தீ வைத்தார்கள். கொட்டகைகளும் லாரிகளும் எரிந்தன. அடுத்து வந்த நாட்களில் கண்ணம்பாளையம் முதலான ஊர்களில் போலீஸ் நடத்திய வேட்டையில் அடி வாங்கியவர்கள், சிறைக்குப் போனவர்கள் பலர். விடுதலைக்குப் பிறகு இந்தியக் கடற்படையின் ‘ஹன்சா’ தளம் 1961இல் இங்கேதான் தொடங்கியது. 1964இல் கோவாவுக்குப் போய்விட்டது. இப்போது இருப்பது விமானப்படை. தேஜஸ் போர் விமானங்களின் 45ஆம் அணி 2018இல் இங்கே வந்தது, 18ஆம் அணி 2020இல் இங்கே உயிர்பெற்றது.

இந்தப் பெருமையை எல்லோரும் பேசுகிறார்கள். நான் சொல்ல வந்தது வேறு. இந்த ஊரின் பெயரைச் சுமந்து பறந்து, திரும்பி இறங்காதவற்றைப் பற்றி.

2016 ஜூலை 22. ஏ.என்.-32 விமானம் ஒன்று 29 பேரோடு தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பியது. சூலூரில் நிலைகொண்டிருந்த 33ஆம் அணியின் விமானம். வங்கக்கடலுக்கு மேல் போனதும் ரேடாரிலிருந்து மறைந்துவிட்டது. கப்பல்களும் விமானங்களும் நீர்மூழ்கியும் வாரக்கணக்கில் தேடின. கடைசியில் அத்தனை பேரும் இறந்ததாக அறிவித்தார்கள். ஏழரை ஆண்டு கழித்து, 2024 ஜனவரியில், சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தள்ளி, 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் உடைந்த பாகங்கள் கிடப்பதை ஆளில்லா நீர்மூழ்கிக் கருவி படமெடுத்து வந்தது.

2021 டிசம்பர் 8. காலை 11.48க்கு முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவர் மனைவி உட்பட 14 பேருடன் எம்.ஐ.-17 ஹெலிகாப்டர் சூலூரிலிருந்து எழும்பியது. 12.15க்கு வெலிங்டனில் இறங்கியிருக்க வேண்டும். 12.08க்குத் தொடர்பு அறுந்தது. குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து எரிந்தது. மேகத்துக்குள் புகுந்ததில் விமானிக்குத் திசைப்புலன் தடுமாறியது என்று விசாரணையில் சொன்னார்கள். உயிர் மிஞ்சிய ஒருவரான குரூப் கேப்டன் வருண் சிங்கும் ஒரு வாரத்தில் போய்விட்டார். குடத்தில் தண்ணீரும் வீட்டுப் போர்வையுமாக ஓடிய அந்தத் தேயிலைத் தோட்ட மக்களை நினைத்தால் இன்றும் மனசு இளகுகிறது. மறுநாள் உடல்கள் மேட்டுப்பாளையம் வழியாகச் சூலூருக்கு வந்தபோது, வழி நெடுக நின்ற சனம் பூவைத் தூவியது. யாரும் கூப்பிட்டு வந்த கூட்டமில்லை அது.

2025 நவம்பரில் இன்னொன்று. துபாய் விமானக் கண்காட்சியில் தேஜஸ் விழுந்து இறந்த விங் கமாண்டர் நமன்ஷ் சியால் சூலூரில் பணியாற்றியவர். அவர் உடலும் இந்த ஓடுதளத்தில்தான் முதலில் வந்து இறங்கியது.

கோவை மண்ணுக்கு இன்னும் பழைய துக்கம் ஒன்று உண்டு. 1950 டிசம்பர் 13 அன்று கோவையை நோக்கி வந்த ஏர் இந்தியா டகோட்டா, கோத்தகிரிப் பக்கம் ரங்கசாமி மலையருகே மோதியது. அதில் கணித மேதை ஆபிரகாம் வால்டும் அவர் மனைவியும் இறந்தார்கள். உலகப்போரில் குண்டடி பட்டுத் திரும்பிய விமானங்களைப் பார்த்து, ஓட்டை விழுந்த இடங்களில் தகடு போட்டுப் பலப்படுத்த நினைத்தது அமெரிக்க ராணுவம். ஓட்டை இல்லாத இடத்தைப் பலப்படுத்துங்கள், அங்கே அடிபட்டவை திரும்பியே வரவில்லை என்று கணக்குப் போட்டுச் சொன்னவர் வால்ட். அப்படிப்பட்டவர் இறந்தது நம் மலையில் என்று கோவைக் கல்லூரிகளில் புள்ளியியல் படிக்கும் எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்?

இன்றைய சூலூரைச் சொல்லவே வயிறு எரிகிறது. குளத்தில் சாக்கடையும் ஆகாயத்தாமரையும். திருச்சி ரோட்டில் எந்நேரமும் நெரிசல். தளத்தைச் சுற்றி வீடு கட்ட நினைப்பவர் தடையில்லாச் சான்றுக்கு அலைய வேண்டும்; நாட்டின் பாதுகாப்புக்காக அதைப் பொறுத்துக்கொள்கிறோம். ஆனால் இந்த ஊருக்குத் திருப்பிக் கொடுத்தது என்ன? 1942இல் சிறை போனவர்கள், 2016இல் கடலில் போனவர்கள், 2021இல் மலையில் போனவர்கள் என எல்லார் பெயரையும் ஒன்றாக எழுதிவைத்த ஒரு சுவரைக்கூட ஊருக்குள் நான் பார்த்ததில்லை. தேஜஸ் மேலே சீறும்போது செல்போனைத் தூக்கும் பிள்ளைகளிடம் ஆகஸ்ட் 26 பற்றிக் கேட்டால் விழிக்கிறார்கள். பிள்ளைகள் மேல் குற்றமில்லை, சொல்லித் தராத நம் மேல்தான் குற்றம்.

கேட்பது பெரிதல்ல. இந்தப் பெயர்களையும் நினைவுகளையும் வைக்க, பொதுமக்கள் அனுமதிச்சீட்டு இல்லாமல் நுழையக்கூடிய ஓர் அறை, ஊருக்குள், பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிற தூரத்தில். மாவட்ட நிர்வாகமும் விமானப்படையும் சேர்ந்தால் ஒரே வருசத்தில் முடியும். அதுவரை சூலூர், கண்ணம்பாளையம், காங்கயம்பாளையத்துக்காரர்கள் ஒன்று செய்யுங்கள்: வீட்டுப் பரணில் ஏரோட்ராம் பற்றிய பழைய படமோ, சிறைக் காகிதமோ, கடிதமோ கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.