வலப்பக்க ஸ்டியரிங்

நூலகத்தில் உலகப்படத்தை விரித்து, மாஸ்கோவிலிருந்து விளாடிவாஸ்டாக் வரை விரலை ஓட்டினேன். இரயில் பாதையில் 9,288 கிலோமீட்டர்! ஜப்பானோ கடலுக்கு அக்கரையில். சோவியத் நாளில் அயல்நாட்டார் நுழைய இயலாத கடற்படை நகரம் அது. 1992-இல் கதவு திறந்தது. திட்டப் பொருளாதாரம் கலைந்து சந்தைக்கு மாறிய ருஷ்யாவில், மேற்குப் பகுதி ஐரோப்பாவோடு வாணிபம் செய்ய, இந்நகரமோ ஜப்பானின் பழைய கார்களைக் கப்பல் கப்பலாக இறக்கியது. மாலுமி, மெக்கானிக், தரகர் எனப் பலர் வீட்டில் அடுப்பெரிந்தது அதனால்தான்.

லாரி ஓட்டும் என் தந்தையிடம் இதைச் சொன்னேன். "அங்கே ரோட்டுக்கு வலப்பக்கமா ஓட்டுவாங்க. ஸ்டியரிங்கும் வலப்பக்கம்னா, முந்தும்போது எதிரே வர்றது எப்படிப்பா தெரியும்?" என்றார். என் புத்தகத்தில் இல்லாத கேள்வி! அந்த இடரோடுதான் அம்மக்கள் ஓட்டினார்கள்.

உள்நாட்டுக் கார்த் தொழிலைக் காக்கவென்று, பழைய கார்களுக்கு 2009 ஜனவரி முதல் சுங்கவரியை உயர்த்தியது மாஸ்கோ. அதற்கு முந்தைய டிசம்பரிலேயே விளாடிவாஸ்டாக் தெருவில் இறங்கியது. கூட்டத்தைக் கலைக்க மாஸ்கோப் பக்கமிருந்தே போலீசார் விமானத்தில் வந்தார்கள். ஆலைத் தொழிலாளிக்கும் வயிறு உண்டு, மறுக்கவில்லை. ஆயினும் என் மனம் துறைமுகத்துப் பக்கமே சாய்கிறது.

அப்பா மட்டும் இன்னும் அந்த ஸ்டியரிங்கையே நினைத்துக்கொண்டிருக்கிறார்.