சாம்பல் வேண்டாத செடி

சகோதரிகளே! அடுப்புச் சாம்பலை அள்ளிக் கத்தரிக்கும் கறிவேப்பிலைக்கும் தூவாத உம்மா நம்மில் யாருக்காவது இருந்திருப்பாரா? அந்தப் பழக்கத்தைக் கடல் கடந்து கொண்டுபோய் நான் செய்த வேலையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

2023ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளை அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் தங்கை வீட்டில் கழித்தேன். வளவு என்று சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. பின்வாசலில் இரண்டு சாடிகள். அவற்றில் முழங்கால் உயரச் செடிகள், நாவற்பழத்தின் குஞ்சுகள் போலக் கருநீலப் பழங்கள். மருமகள் வளர்த்த குட்டை இனப் புளூபெரி. 'டொப் ஹாட்' என்று பெயர். வேர் பலக்கட்டும் என்று முதல் இரண்டு வருடமும் பூக்களைக் கிள்ளிப் போட்டுவிட்டு, அவ்வருடந்தான் காய்க்க விட்டிருந்தாள். நானோ, பெருநாள் இறைச்சி சுட்ட அடுப்பின் சாம்பலை யாரிடமும் கேளாமல் சாடிக்கு இரண்டு கை வீதம் போட்டுத் தண்ணீரும் ஊற்றினேன்.

மூன்றாம் வாரம் இலைகள் மஞ்சளித்தன. நரம்பு மட்டும் பச்சை. பிள்ளை அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

"மாமா, இது தேயிலை மாதிரி. புளிப்பு மண் இல்லாட்டி இரும்புச்சத்தை எடுக்காது" என்றாள்.

மண்ணின் பி.எச். அளவு 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருக்க வேண்டுமாம். சாம்பலோ காரம்.

அடுத்த ஞாயிறு என்னை வைட்ஸ்பொக் என்ற பழைய தோட்டக் கிராமத்துக்குக் கூட்டிப்போனாள். வெள்ளை மணல், பைன் மரங்கள், பிளேன்டி நிறத்தில் ஓடும் ஓடைகள். பார்த்தால் புல்லும் முளைக்காத தரிசு என்றுதான் சொல்வோம். அங்கேதான் எலிசபெத் வைட் என்ற பெண்மணி, கிரான்பெரி விவசாயியின் மகள், காட்டுப் புளூபெரியைத் தோட்டப் பயிராக்கினார். வளமான தோட்டமண்ணில் இது தேறாது, புளிப்பு மண்ணே வேண்டும் என்று கண்டறிந்த பிரெடரிக் கொவில் என்ற தாவரவியலாளரோடு சேர்ந்து உழைத்தார். காடு அறிந்த மக்களிடம் 5/8 அங்குலத் துளையுள்ள தகட்டைக் கொடுத்து, அதற்குள் விழாத பெரிய பழமுள்ள செடியைக் காட்டினால் பணம் தந்தார். கண்டவர் பெயரையே செடிக்கும் வைத்தார். ரூப் லீக் காட்டிய 'ரூபெல்' இன்றும் பயிராகிறது. 1916இல் முதல் விளைச்சல் விற்பனைக்குப் போனது. கூலிக்குத் தேடியவனின் பெயரைப் பழத்தில் வைத்த அந்த நேர்மையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

நமது வளவில் வளருமா என்று கேட்பீர்கள். வடக்கு இனங்களுக்குக் குளிர்காலத்தில் 800 முதல் 1000 மணி நேரம் கடுங்குளிர் வேண்டும். கொழும்பிலோ காத்தான்குடியிலோ அதற்கு எங்கே போவது? 'சன்ஷைன் புளூ' என்ற குட்டை இனத்துக்கு 150 மணி நேரமே போதும் என்கிறார்கள். நுவரெலியாப் பக்கத்துச் சகோதரிகள் வேண்டுமானால் சாடியில் முயலலாம். பைன் பட்டைத் தூளும் பீட் கரியும் கலந்த மண், மழைத் தண்ணீர், காய்ந்தும் போகாத தேங்கியும் நிற்காத ஈரம், பறவைக்கு ஒரு வலை. வேர் மேலோடு ஓடுவதால் கிண்டக் கூடாது.

திரும்பி வந்து இரண்டு செடியையும் பிடுங்கி, வேரைக் கழுவி, புது மண்ணில் வைத்தோம். நான் ஊர் திரும்புமுன் ஒன்று பட்டுப்போனது. மறுவருடம் ஜூலையில் மருமகள் மற்றதன் படத்தை அனுப்பியிருந்தாள். எண்ணிப் பார்த்தேன், பதினேழு பழம். கீழே, "மாமா, சாம்பல் வாளியை ஒளித்து வைத்திருக்கிறேன்" என்று எழுதியிருந்தாள்.